கை பேசட்டும், காதையும் பார்த்துவிடுங்கள்

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

முதல் குழந்தை, பெண். 10 மாதம் முடிந்து 11 நடக்கிறது. பேச்சு வரும் முன்பே குழந்தைக்குச் சைகை கற்றுக்கொடுக்கும் ஓர் இணையவழி வகுப்பில் கணவர் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார். பேச்சு சீக்கிரம் வரும், அறிவுத்திறனும் கூடும் என்று வகுப்பில் சொல்கிறார்களாம். 3 வாரத்தில் குழந்தை ‘பால்’, ‘இன்னும்’ இரண்டையும் கையால் காட்டத் தொடங்கிவிட்டாள். கணவருக்குப் பெருமை. கூடவே இருக்கும் மாமியாருக்குக் கலக்கம்: “கையாலேயே காரியம் நடந்துட்டா, அது வாயை எதுக்குத் திறக்கப் போகுது?” கணவருடைய அண்ணன் மகன் 3 வயதுக்கு மேல்தான் பேசினான், அந்தப் பயம் அவருக்கு இன்னும் தெளியவில்லை. தொடர்வதா, நிறுத்துவதா என்று கேட்கும் அந்தத் தாய், கடிதத்தின் கடைசியில் இதையும் சேர்த்திருக்கிறார்: “6 மாதத்தில் ஓயாமல் சத்தம் போட்டவள் இப்போது ரொம்ப அமைதி. விளையாட்டில் இருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. கவனம் எல்லாம் கைக்குப் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. பிறந்ததும் செய்த காது சோதனையில் தேறிவிட்டாள், அதனால் அந்தக் கவலை இல்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: சைகையை நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் மனம் நின்றது அந்தக் கடைசிப் பத்தியில். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பேச்சு, மொழிப் பயிற்சித் துறையில் இருக்கும் எனக்கு அதுதான் கடிதத்தின் தலையாய வரி. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல, சீக்கிரம் பார்த்துவிட்டால் எல்லாமே எளிதாகிற விஷயம் இது.

முதலில் காது

கையசைக்கக் கற்றுக்கொள்வதால் எந்தக் குழந்தையும் அமைதியாகிவிடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலும் போகாது. நீங்கள் சைகை தொடங்கி 3 வாரம்தான் ஆகிறது. அமைதி எப்போது வந்தது என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். கைப்பேசியில் 6, 7, 8-ஆம் மாதங்களில் எடுத்த வீடியோக்கள் இருக்கும். அவற்றை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். சைகைக்கு முன்பே குரல் குறைந்திருந்தால் பழி சைகை மேல் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

6 மாதத்தில் நிறையச் சத்தம் போட்டாளே என்று கேட்பீர்கள். காது சரியாகக் கேட்காத குழந்தைகளும் முதல் மாதங்களில் கூவும், சிரிக்கும், உயிரெழுத்துகளை நீட்டி நீட்டி விளையாடும். வேறுபாடு தெரிவது அதற்கு அடுத்த கட்டத்தில். ‘பா-பா-பா’, ‘தா-தா-தா’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலிகளைத் தெளிவாக அடுக்கிச் சொல்வது, கேட்கும் குழந்தைகளுக்குப் பொதுவாக 10 மாதத்துக்குள் வந்துவிடும். செவித்திறன் வெகுவாகக் குறைந்த குழந்தைகளுக்கு இது தள்ளிப்போகிறது. தன் குரலையும் மற்றவர் குரலையும் கேட்டுக் கேட்டுத்தான் குழந்தை அந்த அடுக்கைப் பழகுகிறது. உங்கள் மகள் எழுப்பிய சத்தங்களில் இந்த அடுக்கு இருந்ததா, இப்போது இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘பிறந்ததும் தேறிவிட்டாள்’ என்பதில்தான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை அன்றைய நிலையைச் சொல்கிறது. இன்றைய நிலைக்கு அது உத்தரவாதம் ஆகாது. பிறக்கும்போது நன்றாக இருந்து, பிறகு மெல்லக் குறையும் செவிக்குறைகள் உண்டு. சில குடும்பவழி வருபவை. சில, தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸால் பின்னால் தலைகாட்டுபவை. மூளைக்காய்ச்சல் போன்ற நோய்க்குப் பிறகு வருபவையும் இருக்கின்றன. இன்னொன்று: பல இடங்களில் பிறந்த குழந்தைக்குச் செய்வது ‘ஓ.ஏ.இ.’ என்ற சோதனை மட்டும். காதுக்குள் சிறு குமிழை வைத்து ஒலி அனுப்பினால் உட்காது பதிலுக்கு எழுப்பும் மெல்லொலியை அது அளக்கிறது. ஒலி அங்கிருந்து செவி நரம்பு வழியே மூளைத்தண்டுக்குச் சரியாகப் போகிறதா என்று அது சொல்லாது. அதற்குப் ‘பெரா’ சோதனை வேண்டும். உங்களிடம் இருக்கும் பழைய அறிக்கையை எடுத்து, எந்தச் சோதனை செய்திருக்கிறார்கள், இரண்டு காதுக்கும் செய்தார்களா என்று பாருங்கள்.

உங்கள் மகளுக்குக் காது கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கி, சில வாரங்கள் கேட்பது மந்தமாகும் நிலை இந்த வயதில் மிகச் சாதாரணம்; பெரும்பாலும் அது சரியாகிவிடும். விளையாட்டில் மூழ்கியதாலேயே திரும்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் 9, 10 மாதக் குழந்தை, பெரும்பாலான நேரங்களில், பெயரைக் கேட்டால் திரும்ப வேண்டும். குரல் குறைந்ததும் பெயருக்குத் திரும்பாததும் சேர்ந்தே வந்திருக்கும்போது ‘பார்க்கலாம்’ என்று விடுவதற்கு இடமில்லை.

வீட்டிலேயே தட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கதவை அறைந்தால் தரை அதிரும், கை தட்டினால் காற்று படும், பின்னால் ஆள் நடந்தால் நிழல் விழும். குழந்தை திரும்புவது ஒலியைக் கேட்டா, மற்றதை உணர்ந்தா என்று வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. தடித்த ஒலி கேட்டு, பேச்சில் வரும் ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய கூர்மையான ஒலிகள் கேட்காத குழந்தையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். செவித்திறன் நிபுணரிடம் போனால் இந்த வயதுக்கென்றே ஒரு முறை இருக்கிறது: ஒரு பக்கம் ஒலி வரும், குழந்தை அங்கே திரும்பினால் விளக்கு எரியும் பொம்மை ஒன்று பரிசாகத் தோன்றும். அதோடு நடுக்காதைப் பார்க்கும் சோதனை, ஓ.ஏ.இ., தேவைப்பட்டால் தூக்கத்தில் பெரா. எதிலும் வலி இல்லை.

“ஒரு வயசு வரைக்கும் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால், அது மருத்துவராகவே இருந்தாலும், செவிச் சோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். தாயின் சந்தேகமே சோதனைக்குப் போதுமான காரணம் என்பது எங்கள் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. அடம்பிடிக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். 3 வயதுக்கு மேல் பேசிய அந்த அண்ணன் மகனுக்கு எப்போதாவது காது பார்த்தார்களா? குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறு வயதிலேயே கேட்பது குறைந்ததா? நிபுணர் இதைக் கட்டாயம் கேட்பார்.

மாமியாரின் பயம் எங்கிருந்து வருகிறது

கை பேசினால் வாய் ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர் உங்கள் மாமியார் மட்டும் அல்ல. 1880-ல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அதன் பிறகு பல தலைமுறைக் குழந்தைகள், கையைக் கட்டிக்கொண்டு, கேட்காத பேச்சை உதட்டில் தேடிப் படிக்க நேர்ந்தது. 2010-ல் வான்கூவரில் நடந்த அதே மாநாட்டின் கூட்டத்தில்தான் அந்தத் தீர்மானங்கள் முறைப்படி நிராகரிக்கப்பட்டு வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. 130 ஆண்டு! கற்றறிந்தவர்களே இவ்வளவு காலம் நம்பியதை ஒரு பாட்டி நம்பினால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

உண்மையில் கை முன்னே போகிறது, வாய் பின்னே வருகிறது. 2005-ல் ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மீடோ என்ற இரு ஆய்வாளர்கள் 10 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். குழந்தை எந்தப் பொருளை முதலில் சுட்டிக் காட்டியதோ, அதன் பெயர் பெரும்பாலும் சில மாதங்களில் வாயில் வந்தது. ஒரு சொல்லும் ஒரு சைகையும் சேர்த்துக் காட்டத் தொடங்கிய குழந்தை, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும் கட்டத்தை நெருங்கியிருந்தது. காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் குழந்தைகளும் இருக்கிறார்களே. வீட்டில் சைகை மொழி, சுற்றத்தாரிடம் வாய்மொழி என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு வளர்கிறார்கள்.

ஆனாலும் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கை காட்டும் ஆர்வத்தில் வீட்டில் பேச்சே குறைந்துபோனால் குழந்தைக்கு நஷ்டம்தான். அவர் பேத்தியோடு ஓயாமல் பேசுகிறவராக இருந்தால் அந்த வேலையை அவரை விட நன்றாகச் செய்ய யாரும் இல்லை. “நீங்க பேசிக்கிட்டே இருங்க அத்தை, நாங்க கூடவே கையையும் காட்டுறோம்” என்று சொல்லிப் பாருங்கள். சண்டை பாதி தீர்ந்துவிடும்.

வகுப்பு சொல்வதும் ஆய்வு சொல்வதும்

இனி உங்கள் கணவருக்கு. அவர் செய்தது தவறே இல்லை. 10 மாதக் குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அவள் என்ன கேட்கிறாள் என்று கவனிக்கும் தந்தை எந்தக் குழந்தைக்கும் வாய்க்க வேண்டியவர். வகுப்பு தரும் வாக்குறுதிகளைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த முயற்சியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர்கள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லிண்டா ஆக்ரடோலோ, சூசன் குட்வின் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள். ஆக்ரடோலோவின் மகள் பேச்சு வருவதற்கு முன் பூவைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சிக் காட்டினாளாம். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. யாரும் சொல்லித் தராமல் குழந்தை தானே உண்டாக்கிய சைகை அது. அவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சைகை காட்டிய குழந்தைகள் சில மாதங்களில் பேச்சில் சற்று முன்னால் இருந்தார்கள். 3 வயதை நெருங்கும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. அறிவுத்திறன் கூடும் என்று விளம்பரங்களில் வரும் பேச்சுக்கு வேர், அதே ஆண்டு ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை. அந்த ஒன்றை நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

2005-ல் கனடா ஆய்வாளர்கள் மூவர், அதுவரை வந்த 17 ஆய்வறிக்கைகளைச் சலித்துப் பார்த்தார்கள். பேச்சு சீக்கிரம் வரும் என்ற கூற்றை உறுதியாகத் தாங்கும் சான்று கிடைக்கவில்லை. கெடுதல் செய்யும் என்பதற்கும் சான்று இல்லை. 2013-ல் இங்கிலாந்தில் எலிசபெத் கர்க் குழுவினர் 40 குழந்தைகளை 8 மாதம் முதல் 20 மாதம் வரை பார்த்தார்கள். சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு மற்றவர்களை விட வேகமாக வளரவில்லை. ஆனால் அந்தத் தாய்மார்கள், சொல்லாமலே குழந்தை உணர்த்துவதைக் கூடுதலாகக் கவனித்தார்கள். குழந்தை தானே செய்து பார்க்கவும் அதிகம் விட்டார்கள். எனக்கு இந்தப் பலனே போதும் என்று தோன்றுகிறது. என்ன வேண்டும் என்று புரியவைக்க முடியாமல் அழும் குழந்தைக்கு ஒரு வழி கிடைக்கிறது. பெரியவர்கள் அதன் கண்ணையும் கையையும் பார்க்கப் பழகுகிறார்கள்.

கட்டிய பணத்துக்காக வருந்த வேண்டாம். அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று தொடர்ந்து கட்டத் தேவையும் இல்லை. வகுப்பு வீடியோக்களைப் பெற்றோர் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தையைத் திரைமுன் உட்கார வைக்காதீர்கள். 1 வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த அறிவுரை. குழந்தை சைகையைக் கற்பது அப்பாவின் முகத்திலிருந்துதான்.

வீட்டில் தொடரும்போது

*கையோடு குரலும்.* சைகை காட்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “பால் வேணுமா? இதோ பால்.” வெறும் சொல்லாக இல்லாமல் சிறு வாக்கியமாக. முகம் குழந்தைக்கு நேரே, வெளிச்சத்தில் இருக்கட்டும்.

*சைகை காட்டினால்தான் கிடைக்கும் என்று வைக்காதீர்கள்.* இதை அழுத்தியே சொல்கிறேன். பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு “கையைக் காட்டு, அப்பதான்” என்று பசித்த குழந்தையைக் காக்க வைப்பதைச் சில வீடுகளில் பார்க்கிறோம். அவள் அழுகையும் பேச்சுதான்; கையை நீட்டுவதும் பேச்சுதான். எதற்கும் உடனே பதில் கொடுங்கள், சைகையை நீங்கள் காட்டிவிட்டுப் போங்கள்.

*கொஞ்சம் போதும்.* பால், இன்னும், போதும், தூக்கு, விளக்கு. அவள் எதை ஆசையாகப் பார்க்கிறாளோ அதற்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் விரல்கள் நுணுக்கமாக மடங்காது. ‘இன்னும்’ என்பது கைதட்டல் போல வரும். திருத்த வேண்டாம். அவள் தானாக ஏதாவது சைகை கண்டுபிடித்தால் நீங்கள் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

*எந்தச் சைகை?* காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கு, வீட்டில் உண்டாக்கிய சைகையே போதும். இருந்தாலும் உங்கள் நாட்டின் சைகை மொழியிலிருந்தே எடுங்கள் என்பது என் யோசனை. முடிந்தால் காதுகேளாத ஆசிரியர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சைகை மொழி தனி இலக்கணம் உள்ள முழு மொழி. அமெரிக்கச் சைகை மொழியைப் பற்றி இதை மொழியியல் ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960-லேயே எழுதிக் காட்டினார். பால், போதும் என்று பத்துச் சைகை கற்றால் அந்த மொழி கற்றதாகாது. ஆனால் சோதனையில் குறை ஏதும் தெரியவந்தால், நீங்கள் ஏற்கெனவே அந்த மொழியின் வாசலில் நிற்பீர்கள்.

முடிவு எப்படி வந்தாலும்

காது நன்றாக இருக்கிறது என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், குரல் குறைந்ததைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாளா, எதையாவது சுட்டிக் காட்டி உங்களையும் பார்க்க வைக்கிறாளா, டாட்டா காட்டுகிறாளா என்பதை அவர் கேட்பார். எந்த வயதிலும், இருந்த திறமை ஒன்று மறைந்தால் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

நடுக்காது நீர் என்றால் மருத்துவர் கவனித்துக்கொள்வார். அதுவரை அருகில் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். இந்த வாரங்களில் சைகை பெரிய துணை.

நிரந்தரமான குறை என்று வந்தால், கலங்குவது இயல்பு. ஆனால் 10 மாதத்தில் தெரியவந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. செவிக்குறையைப் பிறந்த 1 மாதத்தில் சோதித்து, 3 மாதத்தில் உறுதி செய்து, 6 மாதத்தில் உதவி தொடங்குவது உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு. பிறகு தெரியவரும் குழந்தைகளுக்கும் அதே அவசரம்தான். கண்டுபிடித்த நாளிலிருந்து வாரங்களில் காதுக்கருவி பொருத்திவிடலாம், தேவையானால் அறுவை சிகிச்சை மூலம் உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி பற்றிப் பேசலாம். அப்போது யாராவது “கருவி போட்டாச்சு, இனிமே சைகையை நிறுத்துங்க, இல்லேன்னா கேட்கப் பழகாது” என்று சொல்லக்கூடும். எங்கள் துறைக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. என் கருத்து இது: மூளை மொழிக்காகத் திறந்திருக்கும் இந்த ஆண்டுகளில், குழந்தைக்கு முழுதாக எட்டும் ஒரு மொழி இப்போதே வேண்டும். கருவி வழியே பேச்சு எவ்வளவு எட்டும் என்று காத்திருந்து பார்த்துத்தான் தெரியும். சைகை இன்றே எட்டுகிறது. ஆகவே இரண்டையும் கொடுங்கள். காதுகேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் மொழி கிடைப்பதற்குள் விலைமதிப்பற்ற ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. உங்கள் வீட்டில் அப்பா 3 வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார்.

இந்த வாரமே சோதனைக்கு நேரம் வாங்குங்கள். பிறந்தபோது தந்த அறிக்கை, அந்த வீடியோக்களில் இரண்டு மூன்று, அண்ணன் மகனைப் பற்றி விசாரித்த விவரம், அண்மையில் சளி பிடித்ததா என்ற குறிப்பு, கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்ததா என்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெரா செய்ய வேண்டியிருந்தால் குழந்தை தூங்க வேண்டும்; காலையில் எப்போது எழுப்புவது, எப்போது பால் கொடுப்பது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.